பட்டாளத்தார் வாய்மொழி: கேட்பதும் எழுதுவதும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டாளத்தார் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். பட்டாளத்தார் காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கலாம், மகன் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கலாம், ஆனாலும் வீட்டுக்குப் பெயர் அதுதான். இந்த வீடுகளில் உட்கார்ந்து போர்க்காலக் கஷ்டங்களைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து எழுத்தில் கொண்டுவருவது பொறுமையால் மட்டுமே நடக்கிற வேலை. அதன் முறைகளில் பெரும்பாலானவை தவறு செய்து, அதற்குப் பிறகு தெரிந்துகொண்டவை.

ஆள் எங்கிருந்து போனார் என்பதில் தொடங்க வேண்டும். மதுரை வட்டாரத்தை இரண்டாகப் பிரிப்பது தண்ணீர். 1895இல் பெரியாறு அணை வந்தபின் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைந்தது. திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகவே இருந்தது. மழை பெய்தால் பருத்தி, சோளம், குதிரைவாலி. இரண்டு வருடம் மழை பொய்த்தால் வீட்டில் ஒருவர் வெளியே போயாக வேண்டும். சிலர் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினார்கள், சிலர் பட்டாளத்துக்குப் போனார்கள். ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டதும் நாட்டுக்காக என்ற பதில் வரும். அரைமணி நேரம் கழித்து அதே கேள்வியைச் சுற்றிவந்து கேட்டால் கிணறு வற்றிய வருடமும், அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனும் வெளியே வரும். இரண்டுமே உண்மை. முதல் பதிலை வெட்டிவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதுவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

வரலாற்றில் ஒரு இடைவெளி இருப்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை 1758இலிருந்து கணக்கிடுகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், தென்னாட்டார் சண்டைக்கு உதவமாட்டார்கள் என்ற எண்ணம் ஆங்கிலேயத் தளபதிகளிடம் வலுத்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதை உறுதியாக நம்பியவர். ஆள்சேர்ப்பு பஞ்சாப் பக்கம் நகர்ந்தது, மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மண்வெட்டியும் வெடிமருந்தும் பாலமுமாக வேலை செய்த மதராஸ் சாப்பர்கள் மட்டும் தொடர்ந்து நின்றார்கள். ராணுவம் முழுக்க அவர்களுக்கு இன்றும் 'தம்பி' என்றுதான் பெயர். இரண்டாம் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு வந்தபோதுதான் காலாட்படை மறுபடி திரட்டப்பட்டது. அதனால் பல குடும்பங்களில் பட்டாளக் கதை 1939க்குப் பிறகே தொடங்குகிறது.

கதைக்கு முன்னால் பெட்டி வரும். கறுப்புப் பெயிண்ட் அடித்த தகர டிரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பரும் பெயரும். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள்கள், மெடல்கள், குரூப் போட்டோ ஒன்று. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, உயரம், அங்க அடையாளம், நடத்தை எல்லாம் இருக்கும். பட்ட கஷ்டத்துக்கு அதில் கட்டம் கிடையாது. மெடல்கள் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். சமர் சேவா ஸ்டார் இருந்தால் 1965 சண்டையில் களத்தில் இருந்தவர், ரக்ஷா மெடல் மட்டும் என்றால் அப்போது பணியில் இருந்தவர். பூர்வி ஸ்டார் 1971இல் கிழக்கே வங்காளப் பக்கம், பச்சிமி ஸ்டார் மேற்கே. சியாச்சின் பனியாற்று மெடலைப் பார்த்தால் கேள்விகள் அனைத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் படித்துக்கொண்டு போகாதவர், தெரிந்திருக்க வேண்டியதைக் கேட்டு ஒரு மணி நேரத்தை வீணாக்குவார். கிழவர் சலித்துப்போவார்.

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய பிழை, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்பது. கல்லூரிப் பிள்ளைகள் ஆர்வத்தில் கேட்டுவிடுகிறார்கள். அதோடு கதவு சாத்திக்கொள்ளும். "அதெல்லாம் எதுக்குத் தம்பி, காப்பியக் குடிங்க" என்று முடித்துவிடுவார். சண்டையைப் பற்றி முதல் நாள் கேட்கக் கூடாது. ரயிலைப் பற்றிக் கேட்க வேண்டும். 1990களின் பிற்பகுதிவரை மதுரைக்காரர் மீட்டர்கேஜ் வண்டியில் இரவெல்லாம் உட்கார்ந்து எழும்பூர் போய், பெட்டியும் ஹோல்டாலுமாக சென்ட்ரலுக்கு மாறி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி, பிறகு பதான்கோட்டோ ஜம்முவோ போய், அங்கிருந்து லாரியில் யூனிட்டைத் தேடிப் போக வேண்டியிருந்தது. லீவு நாட்களில் எத்தனையை ரயில் தின்றது என்று ஒருவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் மீதி தானாக வரும். எந்த ஸ்டேஷனில் சோறு கிடைத்தது, எங்கிருந்து ரொட்டி மட்டும், பிள்ளை பிறந்த கடிதம் எத்தனை நாள் கழித்துக் கையில் கிடைத்தது.

கடிதம் தனியாக ஒரு தலைப்பு. களத்தில் இருப்பவரின் முகவரியில் ஊர் இருக்காது, '56 ஏ.பி.ஓ.' என்று ராணுவத் தபால் நிலையத்தின் எண் மட்டும் இருக்கும். மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் வாத்தியாரோ தபால்காரரோதான் கடிதத்தை வாசித்தார்கள், பதிலும் எழுதினார்கள். மனைவி கணவனுக்குச் சொல்ல நினைத்ததை வேற்றாள் முன்னால் எப்படிச் சொல்வாள்? 'இங்கு அனைவரும் சுகம்' என்பதற்கு மேல் அந்தக் கடிதங்களில் ஏன் ஒன்றும் இல்லை என்பதை வீட்டுப் பெண்கள்தான் விளக்குகிறார்கள். தந்தி வந்தால் பிரித்துப் பார்க்கும் முன்பே அழுகை எழுந்துவிட்ட காலம் அது.

பெண்களைக் கேட்காமல் எடுத்த பதிவு பாதிப் பதிவுதான். கணவர் பேசும்போது மனைவி நிலைப்படிக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் தனியாக, இன்னொரு நாள், அரிசி புடைக்கிற நேரத்தில் பேசினால், "அவுக ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்குருவாக, கூப்பிட்டாக் காது கேக்காது" என்பார். மதுரைப் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்கும் வேட்டு உண்டு, சாவுக்கும் வேட்டு உண்டு. தீபாவளியை விட அதுதான் கொடுமை, ஏனென்றால் எப்போது வெடிக்கும் என்று தெரியாது. தெருவில் பிணம் எடுக்கிற நாளில் தோட்டத்துக்குப் போய் இருட்டும்வரை திரும்பாத கணவர்களைப் பற்றி மனைவிமார் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போருக்குப் பிந்தைய இந்த மனக்காயத்தைத் தன் நோய்ப் பட்டியலில் முறையாகச் சேர்த்தது 1980இல். இங்கே அதற்குப் பெயர் 'பட்டாளத்துக் கோவம்'. பெயர் எதுவானாலும் அதை வருடக்கணக்காகச் சுமந்தவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள் வாக்குமூலம் எந்த ரெஜிமெண்ட் வரலாற்றிலும் இல்லை என்பது இந்த வேலையில் மனதை உறுத்துகிற விஷயம்.

மொழியைக் கவனிக்காமல் எழுத்தாக்க முடியாது. மதுரைத் தமிழில் பேசிக்கொண்டே போகிறவர் லங்கர் (சமையற்கூடம்) போன்ற பட்டாளச் சொற்களை மட்டுமல்ல, கட்டளை வார்த்தைகளையும் இந்தியில்தான் சொல்வார். அவற்றைத் தமிழாக்கிவிட்டால் அவர் குரல் போய்விடும். 1965ஐ இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அந்த ஜனவரி 25 அன்று இந்தி எதிர்ப்பு மாணவர் போராட்டத்தில் மதுரையில் மூண்ட மோதல்தான் மாநிலம் முழுக்கப் பரவியது. அதே வருடம் செப்டம்பரில் மதுரை மாவட்டத்துப் பையன்கள் இந்தியில் கட்டளை வாங்கி பாகிஸ்தான் எல்லையில் நின்றார்கள். தம்பி ஊரில் தார்ச்சட்டியோடு திரிந்தான், அண்ணன் எல்லையில் இந்தி பேசினான் என்பது ஒரே வீட்டில் நடந்தது. அண்ணன் அதைச் சொல்லும்போது தம்பியின் மேல் வருத்தமில்லாமல் சொல்வதுதான் கேட்கிறவரைத் தொடுகிறது.

தேதி கேட்டால் குழம்புவார்கள், அதற்கு ஊர்க் கணக்கு உதவும். தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா என்றால் 1964 டிசம்பர் கிடைக்கும். இந்திரா காந்தி சுடப்பட்ட நாளில் எங்கே இருந்தீர்கள் என்றால் 1984 அக்டோபர். சீனச் சண்டை தீபாவளியை ஒட்டி மூண்டது, வங்காளச் சண்டை கார்த்திகையில் தொடங்கி மார்கழி பிறக்கும் நேரத்தில் முடிந்தது. இப்படிக் கட்டிய கணக்கும் சில நேரம் ஆவணத்தோடு பொருந்தாது. இரண்டு குளிர்காலத்தை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வார், வேறொருவருக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாகச் சொல்வார். அதைத் திருத்தி எழுதக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி வைத்து, பொருந்தாத இடத்தைக் குறிப்பில் எழுத வேண்டும். பக்கத்தில் விழுந்தவனின் காயத்தைத் தன் காயமாக ஒருவர் ஐம்பது வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அந்தப் பிழையே ஒரு சாட்சி.

இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்களை நேரில் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது கிடைப்பது பிள்ளைகள் வாய்வழி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 45,000 பேரை ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கிருந்து சிலர் இந்திய தேசிய ராணுவத்துக்கும் (ஐ.என்.ஏ.) சிலர் சிறைமுகாமுக்கும் போனார்கள். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றபின் மலேயா தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களும் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். 1944இல் இம்பாலிலிருந்து பின்வாங்கிய மழைக்காலத்தைப் பற்றித்தான் அப்பாக்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கிச் சூட்டைப் பற்றி ஒரு வரி வந்தால், மலேரியா, வயிற்றுப்போக்கு, அட்டை, பசி பற்றி பத்து வரி வருகிறது. திரும்பி வந்தவர்களுக்கு ராணுவ வேலையும் இல்லை, ராணுவ பென்ஷனும் இல்லை. 1972இல் மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியம் வந்தபோது, சிறையிலும் முகாமிலும் இருந்ததற்குத் தாள் கேட்டார்கள். தாள்களைப் பர்மாக் காட்டில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு வாய்ச்சொல்தான் இருந்தது.

சிப்பாய்க் கதை கேட்கப் போன வீட்டில் கூலிக்காரர் கதையும் இருக்கும். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு மலேயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுக்கு நம்பர் இல்லை, மெடல் இல்லை, டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லை. பெரியப்பா பட்டாளத்தில், சித்தப்பா சயாம் ரயிலில் என்ற வீட்டில் பெரியப்பாவை மட்டும் பதிந்துவிட்டு எழுந்துவரக் கூடாது.

அந்தக் காலத்தின் மணத்தை அறிய மதுரையிலேயே ஒரு துணை உண்டு. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் இந்தோனேசியாவின் மெடானுக்குப் போய், போர் முடிந்து ஊர் திரும்பிய ப. சிங்காரம், மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையிலேயே நெடுங்காலம் வாழ்ந்தார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற அவருடைய இரண்டு நாவல்களையும் படித்துவிட்டுப் போகிறவருக்கு, கிழவர்கள் சொல்லும் ஊர்ப்பெயர்களும் பண்டங்களும் அந்நியமாகத் தோன்றாது.

1962 சீனச் சண்டைக்குப் போனவர்களில் இந்தப் பக்கத்துக்காரர்கள் பலர் இன்ஜினியர், சிக்னல், சப்ளை, மெடிக்கல் பிரிவுகளில் இருந்தவர்கள். அவர்கள் பேச்சு காலில் தொடங்கும். கேன்வாஸ் பூட்ஸும் பருத்தி உடுப்புமாகப் பதினாலாயிரம் அடி உயரத்தில் ஏற்றப்பட்ட சிப்பாய்களின் கதை புத்தகங்களிலும் உண்டு. ஆனால் நனைந்த காலுறையை உடம்போடு வைத்துக் காயவைத்ததையும், விரல் கறுத்தபின் வலி நின்றுபோனதில் நிம்மதி அடைந்ததையும் வாய்மொழியில்தான் கேட்க முடியும். வலி நின்றால் விரல் போயிற்று என்பது அப்போது அவருக்குத் தெரியாது. இந்த இடத்தில் பல பேர் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுவார்கள். கருவி எதைப் பதிவு செய்தாலும் அதைப் பதிவு செய்யாது, உடனே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு மிகக் கடினமானது இலங்கைக்குப் போன அமைதிப்படையினரின் கதை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு போனவர்கள் அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டைக்குள் இறங்கினார்கள். கடைசி அணி திரும்பியது 1990 மார்ச் 24. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் அங்கே இறந்தார்கள். மற்ற சண்டைகளில் எதிரில் நின்றவர் பேச்சு புரியாது. இங்கே தமிழ்ச் சிப்பாய்க்கு எல்லாமே புரிந்தது. சோதனைச் சாவடியில் கிழவி கெஞ்சியது புரிந்தது, முதுகுக்குப் பின்னால் ஏசியதும் புரிந்தது. பிரிவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர் என்றால் மொழிபெயர்க்கும் வேலையும் அவர் தலையில்தான். எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் 24 அன்று எங்கே இருந்தீர்கள் என்பது இவர்களிடம் கேட்கத் தகுந்த முதல் கேள்வி. அந்தச் சாவு இரண்டு தரப்புக்கும் வீட்டுச் சாவு மாதிரி இருந்த ஊர்களைப் பற்றி அவர்கள் சொல்வார்கள். திரும்பி வந்த அணியைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அங்கே தமிழரோடு மோதிய படை என்பதுதான் அவர் முடிவின் காரணம், அது சிப்பாய்களுக்கும் தெரியும். ஊருக்கு வந்தபின் எங்கே இருந்து வருகிறோம் என்று சொல்லாமல் பஸ் ஏறியதைத்தான் அவர்கள் கஷ்டமாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பகுதியில் பதிவு செய்பவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் கொன்றதற்கு உயிர் தப்பியவர்களின் சாட்சியங்கள் இருக்கின்றன. சிப்பாயின் துன்பத்தைக் கேட்கிற காது அந்தத் துன்பத்தையும் கேட்டிருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்தப் போரைப் படிக்க முடியும். சிலர் தாங்களாகவே அந்தப் பேச்சுக்கு வந்து, பாதியில் நிறுத்தி, தண்ணீர் கேட்பார்கள். அங்கே அடுத்த கேள்வி கேட்காமல் காத்திருக்க வேண்டும்.

சியாச்சின் வேறு மாதிரிக் கதை. 1984 ஏப்ரல் 13 அன்று இந்தியப் படை அந்தப் பனியாற்றின் மேல் ஏறியது. அன்று முதல் அங்கே குண்டில் இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் இறந்தவர்கள் அதிகம். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் வரப்பில் நடந்து வளர்ந்தவர், வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்துவரும் இடத்துக்குப் போகிறார். சாப்பாட்டில் ருசி போய்விடும், தூக்கம் வராது, மண்ணெண்ணெய் அடுப்புப் புகையில் துப்பினால் கறுப்பாக வரும். ஒருவர் தூங்கினால் மற்றவர் எழுப்பிப் பார்க்க வேண்டும். இதைச் சொல்பவர்கள் உவமை தேடித் தடுமாறுவார்கள். ஊர்த் தமிழில் பனி என்றால் மார்கழிப் பனிதான். ஐஸ் பெட்டிக்குள் இருப்பது போல என்று தொடங்கி, அதுவும் இல்லை என்று விட்டுவிடுவார்கள். அந்த விட்டுவிட்ட வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும்.

2016 பிப்ரவரி 3 அன்று ஏறத்தாழ 19,500 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையின் மேல் பனி சரிந்து, 19ஆம் மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். இறந்தவர்களில் ஒருவர் மதுரை மாவட்டத்துக்காரர், ஒருவர் தேனி மாவட்டத்துக்காரர். அந்தச் செய்தி வந்த வாரத்தில் முன்பு சியாச்சினில் இருந்தவர்கள் பலர், கேட்காமலே பேசினார்கள். கேன்டீன் வரிசையிலும், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மருந்துக்கு உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலும் அதுதான் பேச்சு. இப்படிப்பட்ட நாட்களில் கருவியை எடுக்கக் கூடாது. காதால் கேட்டு வைத்துக்கொண்டு, மாதம் கழித்து வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

பதிவெடுக்கப் போகிறவர் யார் என்ற சந்தேகமும் அவர்களுக்கு உண்டு. பென்ஷன் ஆபீசிலிருந்து வந்தவர் என்று நினைத்து நிலுவைக் கணக்கை எடுத்து வைப்பார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்ற அளவுக்காவது உதவத் தெரிந்திருப்பது நல்லது. நம்மால் முடியாததை முடியும் என்று தலையாட்டிவிட்டுப் பதிவு எடுப்பது ஏமாற்று. பணி ஓய்வு பெற்றாலும் ரகசியக் காப்புச் சட்டம் அவர்களைக் கட்டும் என்பதால் இடம், ஆயுதம், எண்ணிக்கை பற்றி அவர் தயங்கினால் வற்புறுத்தக் கூடாது. இறந்த சகாவின் பெயரைச் சொல்லிவிட்டு, அதை எழுத வேண்டாம், அவன் பெண்டாட்டிக்கு வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறோம் என்பார். எழுதக் கூடாது.

எழுத்தாக்கும்போது பேச்சை இலக்கணத் தமிழாக்காமல் வைப்பது முதல் விதி. மௌனத்தையும் நொடிக் கணக்கோடு அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறேழு மணி நேரம் பிடிக்கும், மொபைலில் எடுத்த பதிவென்றால் மின்விசிறி இரைச்சலோடும் கோழிச் சத்தத்தோடும் போராடி இன்னும் நீளும். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டி, வேண்டாம் என்ற இடத்தை எடுத்துவிட்டு, தேதி, ஊர், யூனிட், உடனிருந்தவர் யார் என்று முகப்பில் குறித்து மூன்று பிரதி எடுக்க வேண்டும். ஒன்று பதிவு செய்தவரிடம், ஒன்று நூலகத்தில் அல்லது ஆவணக் காப்பில். மூன்றாவது பிரதியைப் பேரப்பிள்ளை கையில் கொடுத்தாலும் அது கடைசியில் டிரங்குப் பெட்டிக்குள், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அடியில் போய்ச் சேர்கிறது.